பச்சை கேட்டு வீட்டுக் கரண்ட்

எங்கள் நகரில் யாருக்கும் பெயர் கிடையாது. கேட்டின் நிறம்தான். நீல கேட்டு வீட்டில் நாய் வாங்கியிருக்கிறார்கள். கறுப்பு கேட்டு வீட்டுப் பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் சீட்டு கிடைத்துவிட்டது. யாராவது கேட்டுக்கு வேறு பெயின்ட் அடித்துவிட்டால் கொஞ்ச நாளைக்கு யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்றே புரியாது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுக்கொண்டிருந்த கொல்லையில் கல் நட்டு மனையாக்கி விற்ற இடம் இது. நகர் என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் வாங்கினோம், கட்டினோம், சுவர் எழுப்பினோம், சுவர்மேல் கண்ணாடிச் சில்லு பதித்தோம். பிறகு அவரவர் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு, இங்கே பேச ஒரு ஆள் இல்லை என்று அலுத்துக்கொண்டோம்.

அந்த அலுப்பை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். எனக்குக் கால் ஓரிடத்தில் தங்காது. காலையில் விழுப்புரம் போகிற பாசஞ்சர், அங்கே ஓர் அலுவலகத்தில் நாற்காலி, சாயங்காலம் மறுபடி பாசஞ்சர். நடுவில் ரயில் ஜன்னலோரம் செல்போனில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். கவிதை என்றால் கவிஞர்கள் முகம் சுளிக்கிற, கதை என்றால் கதைக்காரர்கள் சுளிக்கிற எழுத்து. புத்தகமாகவும் வந்திருக்கிறது. நகரில் ஒருவரும் படித்ததில்லை. அது எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் எரிச்சல்.

ஒரு ஆடி மாதச் சாயங்காலம் சிக்னல் கிடைக்காமல் வண்டி பேரணியில் நின்றுவிட்டது. தண்டவாளத்தை ஒட்டிய அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், பம்பை அடித்தார்கள். முதலில் ஒருத்தர் இறங்கினார், அப்புறம் பெட்டியே இறங்கியது. தினமும் எதிர் சீட்டில் உட்கார்ந்து செல்போனைத் தவிர வேறெதையும் பார்க்காத ஒரு பெண் சொம்பு நிறையக் கூழ் வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். கேப்பைக் கூழ், வெங்காயம் மிதந்தது. நாங்கள் அங்கேயே நின்று ஒருத்தர் வீட்டுக் கதையை ஒருத்தர் கேட்டோம். வண்டி ஊதியதும் ஏறினோம். மயிலம் வருவதற்குள் அவரவர் செல்போனுக்குத் திரும்பிவிட்டோம். எனக்கு மட்டும் காதில் பம்பை நிற்கவில்லை.

நகரிலும் இப்படி வெளியில், வெட்டவெளியில், பாட்டு வைத்தால் என்ன? அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஐ.டி.ஐ. பட்டறையில் வேலை பார்க்கிறவர். ஒயர், ஸ்விட்சு என்றால் கை தானாக நீளும். ஆனால் என்னைப் பற்றித் தெரிந்தவர்.

“நீ ஆரம்பிச்சுட்டு ரயில் ஏறிடுவ. அலைஞ்சுகினு கெடக்கறது நான்,” என்றார். சொல்லிவிட்டு, எத்தனை மீட்டர் ஒயர் வேண்டும் என்று கேட்டார்.

மனைப் படத்தில் பூங்கா என்று பச்சையடித்துக் காட்டிவிட்டு எல்லாரும் மறந்துபோன ஒரு இடம் மூன்றாவது தெரு முனையில் இருந்தது. சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. நகரின் வாட்ஸாப் குரூப்பில் எழுதினேன்; கட்டைவிரல் நிறைய வந்தது, ஆள் நாலைந்து வந்தது. வெட்டினோம், கையில் முள் ஏற்றிக்கொண்டோம், பெருக்கினோம். மஞ்சள் கேட்டு வீட்டுக்காரர் மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார். திருவிழாக் காலங்களில் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிப்பார். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் அவருடையதுதான். சும்மாத் தூசி படிஞ்சுகினு இருக்குது, எடுத்துக்கோங்க என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் அவர் ஒரு பழைய பாட்டை வாசிக்க ஆரம்பித்தார். கேட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நான் எதிர்பார்த்த முகங்கள் இல்லை. பயந்த முகங்கள். நீல கேட்டு வீட்டம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்து, “யாருங்க? எந்த ஊடு?” என்று கேட்டார். சாவு எந்த வீட்டில் என்று அர்த்தம். இன்னொருவர் வசூல் எந்தக் கோயிலுக்கு என்று பையைத் தடவினார். ரோட்டில் போன ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டி விசேஷம் என்னவென்று கேட்டார். விசேஷம் எதுவும் இல்லை, சும்மா பாடுகிறோம் என்றேன்.

“சும்மா பாடறதுக்கு எதுக்குக்கா ஸ்பீக்கரு? ஊட்டுக்குள்ள பாடிக்கினு இருக்கலாமே,” என்றார் அவர். ஆனால் போகவில்லை. ஹேண்டில்பாரில் சாய்ந்துகொண்டு இரண்டு பாட்டு கேட்டுவிட்டுத்தான் போனார்.

எங்கள் பக்கத்தில் தெருவில் சத்தம் வந்தால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி, சாமி ஊர்வலம், சாவு. காரணம் தெரிந்தால்தான் எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியும். காரணமில்லாத சத்தத்துக்கு யாரிடமும் முகம் இல்லை. நல்லவேளை, அடுத்த வாரம் மண்டிக்காரர் ஒரு குண்டான் நிறைய மல்லாட்டை வேகவைத்துக் கொண்டுவந்தார். கையில் வேகவைத்த மல்லாட்டையை வைத்திருக்கிற ஆள் சட்டென்று கிளம்ப மாட்டார். உரிக்க வேண்டும், தோலைப் போட இடம் தேட வேண்டும், அதற்குள் பக்கத்தில் நிற்கிறவர் ஏதாவது கேட்பார். அப்படித்தான் நின்றார்கள். அப்புறம் உட்கார்ந்தார்கள். அப்புறம் வீட்டிலிருந்து நாற்காலி வந்தது.

ஆனால் உண்மையில் வேலை செய்தது மல்லாட்டையும் இல்லை, பாட்டும் இல்லை. கரண்ட்டு.

பூங்காவுக்கு மின் இணைப்பு கிடையாது. வாரத்துக்கு ஒரு வீட்டிலிருந்து ஒயர் இழுத்தோம். ஒயர் இழுக்க வேண்டுமென்றால் கேட்டைத் திறந்து உள்ளே போக வேண்டும். பிளக் பாயின்ட் எங்கே என்று கேட்க வேண்டும். அது எப்போதும் பீரோவுக்குப் பின்னால் இருக்கும். பீரோவை நகர்த்த வேண்டும், நகர்த்தினால் டீ கொடுப்பார்கள். பல வருஷமாக முகம் மட்டும் தெரிந்த வீடுகளுக்குள் நான் அப்படித்தான் முதல்முதலாக நுழைந்தேன். யார் வீட்டில் எந்தச் சாமி, யாருக்கு முட்டி வலி, எந்த மருமகள் கோபித்துக்கொண்டு மாடியில் இருக்கிறாள், எல்லாம் ஒயரின் வழியாக வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு மைக் பிடித்துப்போனது.

கரண்ட்டு கொடுத்த வீட்டுக்கு நன்றி சொல்வது என்று ஆரம்பித்தேன். “இன்றைய மாலைக்கு மின்சாரம் வழங்கிய...” என்று இழுத்து, அந்த வீட்டைப் பற்றி அழகாக நாலு வரி. சனிக்கிழமையே எழுதிவைத்துவிடுவேன். கைதட்டுவார்கள். எழுதி எழுதிப் புத்தகம் போட்டும் கிடைக்காத கைதட்டு, கண்ணெதிரே, மல்லாட்டைத் தோலோடு சேர்த்து. அடுத்து ஒரு சால்வையும் சேர்ந்துகொண்டது. மேடை என்று இருந்தால் பொன்னாடை இல்லாமல் நம்மால் இருக்க முடியுமா? கடைத்தெருவில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டேன், சந்தன நிறத்தில் சிவப்புக் கரை. கரண்ட்டு கொடுத்த வீட்டம்மாவை வரச்சொல்லிப் போர்த்துவோம். அவர்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுவோம். வீட்டுக்காரர் ஒருதரம், பாட்டுக்காரனைவிட நீதான் ஜாஸ்தி நேரம் மைக்கைப் புடிச்சுகினு இருக்கற என்றார். நான் அதைச் சிரித்துத் தள்ளினேன்.

பச்சை கேட்டு வீட்டுக்காரர் பாட்டுக்குத் தவறாமல் வருவார். உட்கார மாட்டார். சுவரோரம் நின்று செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தாளம் போடுவார். தனியாகத்தான் வருவார். செங்கல்பட்டுப் பக்கம் எங்கேயோ வேலை. காலையில் நான் தெற்கே போக நிற்கிற பிளாட்பாரத்துக்கு எதிர் பிளாட்பாரத்தில் வடக்கே போக நிற்பார். ஒருநாள் படியேறி இந்தப் பக்கம் வந்தார்.

“மேடம், அடுத்த வாரம் நம்ம ஊட்டுல ஒயர் இழுத்துக்கறீங்களா? போர்ட்டிகோவுலயே பாயின்ட்டு இருக்குது.”

இழுத்துக்கொள்கிறோம் என்றேன். அவர் போகாமல் நின்றார்.

“எங்க வீட்ல நல்லாப் பாடுவாங்க. சமையக்கட்டுலதான். கேட்டைத் தாண்ட வெக்கம். கரண்ட்டு நம்ம ஊட்டுதுன்னா சால்வை வாங்கவாவது வெளிய வந்துதானே ஆவணும்?” என்று சொல்லிச் சிரித்தார். “நீங்க மைக்குல கூப்புடுங்க மேடம். நீங்க கூப்ட்டா வந்துருவாங்க.”

நீங்க கூப்ட்டா. அந்த வார்த்தையை ரயில் முழுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முண்டியம்பாக்கத்தில் கரும்பாலை வாசனை வந்தபோது, அந்தப் பெண்ணை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எழுதவே ஆரம்பித்துவிட்டேன். சமையல்கட்டுக்குள் அடைபட்ட குரல், குக்கர் விசிலோடு போட்டி போடும் குரல் என்றெல்லாம்.

அந்த வாரம் எதிர் பிளாட்பாரத்தில் அவரைப் பார்க்கவில்லை. லீவு போட்டிருப்பார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட அதிகம். கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் ஒயர்ச் சுருளைத் தூக்கிக்கொண்டு போனோம். பச்சை கேட்டு திறந்தே இருந்தது. படியில் செருப்புகள் குவிந்து கிடந்தன. விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், இன்றைக்கு நல்ல கூட்டம்தான் என்று சந்தோஷப்பட்டேன். போர்ட்டிகோவில் வயதான ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒயர் இழுக்க வந்திருக்கிறோம் என்றேன். அவர் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சுவரைக் காட்டினார். லைட்டு போட வந்தவர்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒயரோடு ஆள் வருவது வழக்கம்தானே. அது எப்படிப்பட்ட வீடு என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

வெளியே வரும்போது வீட்டுக்காரர் வாசலைப் பார்த்து நின்றார்.

“கோலம் இல்லியே.”

“இந்தக் காலத்துல யாருங்க தினமும் போடறாங்க? வாங்க, நேரமாவுது,” என்றேன்.

செருப்புக் குவியலைப் பார்த்தேன், கோலமில்லாத வாசலைப் பார்த்தேன், பேசாத கிழவியைப் பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறவள் என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறேன். மூன்றையும் சேர்த்துப் படிக்க எனக்குத் தெரியவில்லை. நான் எழுதிவைத்த வரிகளுக்குள் அந்த வீடு ஏற்கெனவே கல்யாண வீடாகிவிட்டிருந்தது.

கூட்டம் நன்றாகவே வந்தது. மண்டிக்காரர் குஷியில் இருந்தார், துள்ளலான பாட்டாகப் போட்டுத் தாக்கினார். நான் மைக்கை வாங்கினேன். மின்சாரம் வழங்கிய பச்சை கேட்டு வீட்டாருக்கு நன்றி என்றேன். இந்த வீட்டில் ஒரு பாடகி ஒளிந்திருக்கிறார், அவர் வீட்டுக்காரரே நம்மிடம் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றேன். சிரித்தார்கள். அவர் எங்கே, இன்றைக்குச் சுவரோரம் காணோமே, வீட்டுக்குள் மனைவியைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார் போல என்றேன். இன்னும் சிரித்தார்கள். வாங்கம்மா, வெளியில் வாங்க, எங்கள் தெருவே கூப்பிடுகிறது என்றேன். கைதட்டச் சொன்னேன். தட்டினார்கள். ஸ்பீக்கர் பெட்டி அந்த வீட்டைப் பார்த்துத்தான் இருந்தது.

கேட்டு ஓரத்தில் அந்த வீட்டம்மா வந்து நின்றார். வெளிச்சம் குறைவு. நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது, தலையில் பூகூட இருந்தது. காரியம் முடியும்வரை அதெல்லாம் இருக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? நான் மைக்கைக் கொடுத்துவிட்டுச் சால்வையை எடுத்துக்கொண்டு சிரித்தபடி போனேன். கவரைப் பிரித்தேன். உதறி விரித்தேன். தோள்வரை கை போய்விட்டது.

அவர் ஒரு அடி பின்னால் போனார். கோபமே இல்லை. ரொம்ப மெதுவாக, எனக்கு ஏதோ வழி சொல்கிற மாதிரி சொன்னார்.

“அக்கா, கோடி பதினாறாம் நாளுதான் போடுவாங்க. அதுவும் எங்க அண்ணன்தான் போடணும்.”

புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் புதுத்துணி கொண்டுவந்து போர்த்துகிற வழக்கத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என் அம்மாவுக்கு மாமா போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். விரித்த சால்வை என் கையில் அப்படியே இருந்தது. மடிக்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. தூரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் கையைத் தூக்கியது மட்டும்தான் தெரிந்தது. போர்த்தியாகிவிட்டது என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினார்கள். மண்டிக்காரர் அடுத்த பாட்டை எடுத்தார். நான் திரும்பி நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினேன். அவர் சத்தம் பத்தவில்லை என்று புரிந்துகொண்டு கூட்டினார்.

என் வீட்டுக்காரர்தான் ஓடிவந்தார். என் முகத்தைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், நேராகப் போர்ட்டிகோவுக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். நடுப்பாட்டில் எல்லாம் அணைந்தது. அப்போதுதான் வீட்டுக்குள்ளே ஒரு கிழவர் விசும்புகிற சத்தம் கேட்டது. அது பாட்டு நடந்த நேரமெல்லாம் இருந்திருக்கும்.

அலுவலகத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அங்கேயிருந்தே பனமலைப் பக்கம் சொந்த ஊருக்கு எடுத்துப் போய்விட்டார்கள். பால் தெளித்த மறுநாள், மாற்றுத்துணி எடுக்கவும் வீட்டைப் பார்க்கவும் வந்திருக்கிறார்கள். நகரில் ஒருவருக்கும் தெரியாது. யாரிடம் சொல்வது? அவர்களிடம் எங்கள் யாருடைய நம்பரும் இல்லை. குரூப்பில் அவர் இருந்தார். அந்தப் போன் அவரோடு ஊருக்குப் போயிருந்தது. ஒருத்தரை ஒருத்தர் தெரிந்துகொள்வதற்காக வைத்த பாட்டு, மாதக்கணக்கில் பாடிய பிறகு, தெரியாமலே போய் அந்த வீட்டு வாசலில் இடித்தது. அதுவும் அந்த வீட்டுக் கரண்ட்டில்.

காரியம் முடிந்து அந்தம்மா திரும்பி வந்தபின் துக்கம் கேட்கப் போனேன். நெற்றி வெறுமையாக இருந்தது. என்னென்னவோ மனதுக்குள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். எழுந்து வரும்போது வாய்ப் பழக்கத்தில் “வர்றேங்க” என்றேன். துக்க வீட்டில் சொல்லாமல் எழுந்து வர வேண்டும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். கேட்டுவரைக்கும் காது எரிந்தது.

பாட்டை நிறுத்தினோம். காரியம் வரைக்கும் என்று முதலில் சொன்னோம். அப்புறம் ஒரு மாசம் போகட்டும் என்றோம். அப்புறம் குரூப்பில் யாரோ வருஷம் திரும்பட்டுமே என்று எழுத, நான் முதல் ஆளாகக் கைகூப்புகிற படத்தைப் போட்டேன். எனக்கு அது பெரிய பிராயச்சித்தம் மாதிரி இருந்தது. மைக்கைத் தொடுவதில்லை, பூங்காப் பக்கம் போவதில்லை, ஸ்டேஷனுக்குச் சுற்றுவழியில் நடப்பது. பச்சை கேட்டைத் தாண்ட வேண்டாமே. வீட்டுக்காரர் ஒயரைச் சுருட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்தார். மழை பெய்தது, பூங்காவில் கருவேலம் மறுபடி துளிர்த்தது. கேட்டுகள் மூடிக்கொண்டன. நான் பாட்டுக்கு என் வெட்கத்தை வீட்டில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கான விலையை வேறொரு வீடு கொடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

தை பிறந்த பிறகு ஒருநாள் விழுப்புரம் பாசஞ்சரில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார், பச்சை கேட்டு வீட்டம்மா. கெடாரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறாராம். எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடலாமா என்று எனக்குக் கால் துடித்தது. வண்டி கிளம்பிவிட்டது. மயிலம் தாண்டியதும் அவராகவே, ஏன் பாட்டு வைப்பதில்லை என்று கேட்டார். வருஷம் ஆகட்டும் என்றுதான், உங்களுக்காகத்தான் என்றேன்.

“எனக்காகன்னு நான் கேட்டனாக்கா?”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“நீல கேட்டு வீட்டம்மா எதிர்ல வந்தா தலையைக் குனிஞ்சுகினு போயிடறாங்க. கீரை விக்கறவங்க சொல்றாங்க, உங்க ஊட்டுச் சாவாலதான் பாட்டு நின்னுபோச்சாமேன்னு. பசங்க எங்க ஊட்டைக் காமிச்சுப் பேசுதுங்க. எங்க ஊட்டுக்காரர் செத்தது எங்க ஊட்டுக்கு. அதை ஏன் நகருக்கே எடுத்துக்கினீங்க?”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பையிலிருந்து எலுமிச்சை சாதம் எடுத்து, எனக்கும் மூடியில் வைத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார். தெரியாமல் செய்துவிட்டேன், அந்தச் சால்வையை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை, வெட்கமாக இருக்கிறது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அதைச் சொல்லும்போதுகூட என் குரலில் மைக் இருந்தது.

அவர் தன் பங்கில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்.

“நீங்க வெக்கப்பட்டுகினு ஊட்டுக்குள்ள உக்காந்துக்கினீங்க. அந்த வெக்கத்தைத் தூக்கிக்கினு தெருவுல நடக்கறது நான்.”

விக்கிரவாண்டி வந்தது, போனது. அவர் பெயரைக் கேட்டேன். இத்தனை மாதத்துக்குப் பிறகு, சால்வை விரித்த பிறகு, துக்கம் கேட்ட பிறகு. சொன்னார். என் பெயரையும் கேட்டார். அவரது பெயரை இங்கே எழுதவில்லை. ஒருதரம் ஸ்பீக்கரில் போட்டது போதும்.

விழுப்புரத்தில் இறங்கும்போது, வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்க ஊட்டுலேயே இழுத்துக்கோங்க என்றார். “பாடச் சொல்லாதீங்க. சால்வை வேணாம். கரண்ட்டு மட்டும் எடுத்துக்கோங்க.”

குரூப்பில் எழுதினேன். கட்டைவிரல் வரவில்லை. ஒருத்தர், ஊர் என்ன சொல்லும் என்றார். இன்னொருவர், அந்தம்மாவைக் கேட்டீங்களா என்றார். அந்தம்மாதான் கேட்டாங்க என்று எழுதினேன். எல்லாரும் படித்த நீலக்குறி விழுந்தது, பதில் விழவில்லை. மண்டிக்காரர் நேரில் வந்தார். கீபோர்டை எடுத்துக்கொண்டு வருகிறேன், ஆனால் சோகப் பாட்டு வாசிப்பதா, வேறு வாசிப்பதா, பேஜாரா இருக்குதும்மா என்றார். உங்களுக்குத் தெரிந்ததை வாசியுங்கள் என்றார் என் வீட்டுக்காரர். அவரே கத்தியெடுத்துக்கொண்டு போய்க் கருவேலத்தைக் கழித்துவிட்டு வந்தார். இந்தத் தடவை நானும் ரயில் ஏறவில்லை. லீவு போட்டுவிட்டுக் கூட நின்று பெருக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பச்சை கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு சின்னக் கோலம். நான் போர்ட்டிகோவில் பிளக்கைச் செருகினேன். ஆட்கள் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். வந்தவர்களும் முதல் ஞாயிற்றுக்கிழமை மாதிரி எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருந்தார்கள். அந்தம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி வந்து ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார். புருஷன் செத்து வருஷம் திரும்பவில்லை, பாட்டுக் கேட்க வந்துவிட்டாள் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்து நாற்காலிகள் மட்டும் காலியாகவே இருந்தன. நானும் போய் உட்காரவில்லை. மைக் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒயரைச் சரிசெய்கிற மாதிரி நின்றிருந்தேன். அது என் வழக்கமான ஒளிவிடம்.

மண்டிக்காரர் தயங்கித் தயங்கி ஒன்று வாசித்தார். துள்ளலும் இல்லை, அழுகையும் இல்லை. பாட்டு முடிந்ததும் “மின்சாரம் வழங்கிய” என்று என் நாக்கு நுனிவரை வந்தது. மைக்கைப் பார்த்தேன். தொடவில்லை. அடுத்ததை ஆரம்பித்தார். பாதியில் பட்டென்று எல்லாம் அணைந்தது. விளக்கு, ஸ்பீக்கர், பச்சை கேட்டு வீட்டு போர்ட்டிகோ லைட்டு, எல்லாம். மறுபடியும் நடுப்பாட்டில் இருட்டு.

“ட்ரிப் ஆயிருக்கும், லோடு ஜாஸ்தி,” என்று என் வீட்டுக்காரர் எழுந்தார். அதற்குள் அந்தம்மா நாற்காலியை விட்டு எழுந்து, அந்த மங்கலில் நேராகத் தன் வீட்டுக்கு நடந்தார். உள்ளே மெயின் ஸ்விட்சுப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு லைட்டு வந்தது. ஸ்பீக்கர் ஒருதரம் உறுமியது.

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. இத்தனை நாளில் நகர் முழுக்கக் கேட்கிற மாதிரி அவர் சத்தமாகப் பேசியது அதுதான் முதல்தடவை.

“வந்துச்சா?”

“வந்துருச்சு,” என்றார் மண்டிக்காரர். “வந்துருச்சும்மா,” என்றார் நீல கேட்டு வீட்டம்மா, எழுந்து நின்று, கையை வாயோரம் குவித்துக்கொண்டு. பின்னால் யாரோ, முன்னால் யாரோ, குழந்தைகள் எல்லாம் சேர்ந்து, வந்துருச்சு வந்துருச்சு என்றார்கள். அவர் வெளியே வந்து, வந்த வழியே நடந்து, நாற்காலியில் உட்கார்ந்தார். நீல கேட்டு வீட்டம்மா மல்லாட்டைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து நாற்காலிக்கு மாறினார்.

நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் சொன்னதில் என் குரல் இல்லாதது அவருக்குத் தெரிந்திருக்காது. ஸ்டாண்டிலிருந்து மைக்கைக் கழற்றி, மண்டிக்காரரின் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.